அம்மா எடுத்த மைலேஜ்

டெனிஸ்,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அம்மா கார் சும்மாதான நிக்கி டாடி. கோயில்ல அம்மா நெனவுப் பூசை முடிஞ்சதும் அதுலயே புனேவுக்குப் போயிரலாம்னு பாக்கேன். அம்மா மட்டும் அந்த வண்டில எப்படி அவ்வளவு மைலேஜ் எடுத்தா? அதச் சொல்லுங்க" என்றாய். "வா, பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். உனக்கு அது ஒட்டாத பேச்சாகத் தெரிந்திருக்கும். துக்கத்தில் போனை வைத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லை. அம்மா போனதிலிருந்து எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. சாப்பாட்டுக்கு உப்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்கிறேன், இல்லையா என்று கேட்டால் இல்லை என்கிறேன். பேச உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. எழுதினால் முடிக்க முடியும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நீ ரயிலில் வரும்போது படிக்கலாம். நேரம் இருக்கும்.

முதலில் வண்டி. பல மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறது. இன்று காலை மெக்கானிக் செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேட்டரி செத்துவிட்டது, மாற்றிவிட்டார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், உப்புக்காற்றும் புழுதியும் சேர்ந்து சாம்பல் கட்டியாக விழுந்தது. அது அடைத்திருந்தால் இன்ஜின் மூச்சு விட முடியாமல் பெட்ரோலைத்தான் கூடக் குடிக்கும் என்று அம்மா சொல்வாள். அதையும் புதிதாகப் போடச் சொல்லிவிட்டேன். ஆயிலும் மாற்றியாகிவிட்டது. வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன ஆயில் போட்டிருக்கிறதோ அதுதான். கெட்டியான ஆயில் இன்ஜினுக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் பேச்சை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. டயர் காற்றை மட்டும் நீ புறப்படும் அன்று காலை பார்த்துக்கொள். வண்டி ஓடிச் சூடேறிய பிறகு பார்த்தால் கணக்குத் தப்பும். ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஓரத்தில் எவ்வளவு காற்று என்று ஒட்டியிருக்கும். குழந்தை, பெட்டி எல்லாம் ஏற்றினால் கொஞ்சம் கூட வைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. காற்று குறைந்த டயரில் ஓட்டுவது ஈர மணலில் சைக்கிள் மிதிப்பது போல என்று அவள் உனக்கே சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கலாம். ஆறுமுகநேரிப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வேலைக்காகத் தினமும் காரில் போய் வந்த ரோட்டிலிருந்து வந்தது. முள்ளக்காடு தாண்டியதும் உப்பு லாரிகள் வரிசையாகப் போகும். நான் ஓட்டினால் ஒவ்வொரு லாரியையும் முந்துவேன், அடுத்த லாரிக்குப் பின்னால் பிரேக் அடிப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டிடம் வேலை பார்த்தவன் நான். வாசலுக்கும் ஆபீசுக்கும் ஓடி ஓடி, எல்லா இடத்துக்கும் பிந்திவிட்டது போலவே ஓட்டிப் பழகியவன். அம்மா லாரிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு, அது போகிற வேகத்திலேயே டாப் கியரில் போய்க்கொண்டிருப்பாள். "முந்திப் போயி என்ன செய்யப் போறிய? பழையகாயல் வளைவுல அவன் பொறத்தாலதான் நிக்கணும்" என்பாள். வேளாங்கண்ணிக்குப் போன தடவை ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாய். பின்சீட்டிலிருந்து "அம்மா, சைக்கிள்காரன் நம்மள முந்துதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அவள் சிரித்தாள், வேகத்தைக் கூட்டவில்லை. போய்ச் சேர்ந்ததும் பங்கில் டாங்கை நிரப்பி, விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "உங்கப்பா எடுக்கதப் போல கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்குலே" என்று உன்னிடம் சொன்னாள். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

இப்போது வேறொன்று. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, வீட்டில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வெள்ளத்தப்போ அம்மாவ மதுரைக்குக் கொண்டு போகும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க உருட்டிக்கிட்டே போனியளாமே, பெரியம்மா சொன்னாவ. வெரசா போயிருந்தா அம்மா ஒடம்பு இவ்வளவு கெட்டிருக்காதுல்லா" என்று கேட்டாய். குரலை உயர்த்தவில்லை. நான் உன்னைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் எழுந்து போய் டம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டேன். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை. நீ மைலேஜ் பற்றிக் கேட்டபோது எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

அந்த டிசம்பரில் மழை விடாமல் கொட்டி ஊரே தண்ணீரில் நின்றபோது போன் எதுவும் வேலை செய்யவில்லை. நீ புனேவிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு அப்போது வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். ஒன்று மழையில் தவறியது. அடுத்ததற்கு நான் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை, மெஷின் ஓடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. தெருவில் திரேஸ்புரத்து மீனவர்கள் வள்ளத்தைக் கொண்டுவந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ராயப்பன்தான் சொன்னான்: "அண்ணே, ஆம்புலன்ச நம்பாதிய, தெருவுக்குள்ள வராது. காரு மேட்டுலதான நிக்கி? நாங்க மெயின் ரோடு வரைக்கும் தள்ளி விடுதோம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியெல்லாம் தண்ணிதான், எப்படியாவது மதுரைக்குக் கொண்டு போயிருங்க."

சாவியைத் திருப்பிப் பார்த்தேன். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. ஊரில் ஒரு பங்கும் திறக்கவில்லை. சிலவற்றில் கரண்ட் இல்லை, சிலவற்றில் தரைக்குள் இருக்கும் டாங்கில் வெள்ளம் இறங்கிவிட்டது என்றார்கள். அம்மாவிடம் மறைக்க நினைத்தேன். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததுமே முள்ளைத்தான் பார்த்தாள்.

"வழில எங்கனயாவது கெடைக்கும்" என்றேன்.

"கெடைக்கும்னு நெனச்சு ஓட்டாதிய. கெடைக்காதுன்னு நெனச்சு ஓட்டுங்க" என்றாள். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நான் சொல்லுத மாதிரி ஓட்டுவியளா?" என்று கேட்டாள்.

"ஓட்டுதேன்."

"அப்போ மொதல்ல டிக்கியக் காலி பண்ணுங்க."

டிக்கியில் நான் போட்டுவைத்த பெயிண்ட் டப்பாக்கள், இரும்புச் சாமான், அவளுடைய பழைய புத்தகக் கட்டுகள் எல்லாம் கிடந்தன. ராயப்பனும் அவன் தம்பியும் அவற்றை மாடிப்படியில் ஏற்றினார்கள். ஸ்டெப்னி டயர் மட்டும் இருக்கட்டும் என்றாள். பிறகு இன்ஜினைப் போடாமலே தண்ணீருக்குள் காரைத் தள்ளிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் விட்டார்கள். ஊர் எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் நனைந்தபடி நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். "மதுர ரோடு அத்துக்கிட்டுப் போயிட்டு சார். வேம்பார் வழியா சாயல்குடி போயி, அங்கனருந்து அருப்புக்கோட்டைக்கு ஏறுங்க" என்றார். நேர்வழிக்கே பெட்ரோல் போதுமா என்று தெரியாமல் இருந்தவனை அவர் சுற்றுவழிக்குத் திருப்பினார். நான் அம்மாவைப் பார்த்தேன். "திருப்புங்க" என்றாள். அவ்வளவுதான்.

டெனிஸ், அன்றைக்கு மிதித்தது என் கால்தான், ஓட்டியவள் அவள். ஆக்ஸிலேட்டரை லேசாக மட்டும் மிதிக்கச் சொன்னாள். வண்டி இழுக்க ஆரம்பித்ததும் அடுத்த கியர், அது பிடித்ததும் அதற்கடுத்தது, டாப் கியர் வந்த பிறகு ஒரே வேகம். தூரத்தில் மாடு நின்றாலோ பள்ளம் தெரிந்தாலோ, கிட்டே போய் பிரேக் அடிக்காமல் முன்னாலேயே காலை எடுக்க வேண்டும். இறக்கத்தில் நான் பழக்கத்தில் நியூட்ரலுக்குத் தட்டினேன். "கியர்லயே விடுங்க. இந்த வண்டில கியர்ல வச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தாத்தான் பெட்ரோல் நிக்கும். நியூட்ரல்னா குடிச்சிக்கிட்டேதான் இருக்கும்" என்றாள். ஏசி வேண்டாம் என்றதும் அவள்தான். நெற்றியில் வேர்வை வழிந்தது. கண்ணாடியை முழுக்கத் திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று தன் பக்கம் மட்டும் நாலு விரல்கடை இறக்கி வைத்துக்கொண்டாள். ஒரு வாக்கியம் பேசிவிட்டு நாலைந்து மூச்சு விடுவாள். பிறகு அடுத்தது.

வேம்பாரில் ஒரு டயர் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் கருப்பட்டி மூட்டைகள் அடுக்கிய மளிகைக் கடையில் ஒரு பெரியவர் பாதிக் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். மேலே இருக்கிற கேரியரைக் கழற்ற வேண்டும் என்றாள் அம்மா. நீ வேலைக்குப் போன புதிதில் சாமான் ஏற்றுவதற்காகப் போட்டாயே, அதுதான். வெறும் கேரியர்கூட காற்றைக் குத்திக்கொண்டு போகும் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியும் நான் கழற்றாமலே விட்டிருந்தேன். போல்ட் எல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்தது. அந்த அண்ணாச்சி ஸ்பேனரும் மண்ணெண்ணெயும் எடுத்துவந்தார். ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெயை விட்டு, ஊறியதும் நாங்கள் இருவரும் சேர்ந்து திருகினோம். காலால் மிதிக்கும் பம்பை வைத்து நாலு டயருக்கும் அவரே காற்று அடித்தார். அடிக்கும்போதே அம்மாவைப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சிக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?"

சொன்னேன். அவர் உள்ளே போய், தன் பைக்கில் டியூபைப் போட்டு உறிஞ்சி ஒரு பாட்டிலில் பெட்ரோலை இறக்கினார். அரை லிட்டர் இருந்திருக்கும். அம்மா ஜன்னல் வழியாக, "வேண்டாம் அண்ணாச்சி, நாளைக்கு ஒங்களுக்கு ஒரு அவசரம்னா எங்க போவிய?" என்றாள்.

"நான் எங்கம்மா போகப் போறேன், ரோடெல்லாம் தண்ணியாக் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். நான் அவர் பெயரைக் கேட்கவில்லை.

வேம்பாரைத் தாண்டிய பிறகு எனக்குப் பயம் வரவில்லை. ரோடு, முள், அவள் மூச்சு, இந்த மூன்றும்தான் தெரிந்தன. இப்போது எனக்கு இருக்கிறதே ஒரு மரத்துப்போன நிலை, அது அன்றைக்கு அங்கே தொடங்கியதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அது உதவியாக இருந்தது. ஒரு தரைப்பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. தண்ணீர் வடிந்தால்தான் விடுவார்கள் என்றார்கள். எல்லாரும் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நின்றார்கள், நான் அணைத்துவிட்டேன். சாயல்குடியில் பங்க் இருந்தது, கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் நனைந்துவிட்டது என்று அங்கிருந்தவர் கையை விரித்தார். பெருநாழி தாண்டும்போது சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அம்மா கண்ணை மூடியிருந்தாள். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. "ஏளா" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். என் கால் தானாக அழுந்தி வண்டி சீறியது.

"முழிச்சுத்தான் இருக்கேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "கால எடுங்க."

எடுத்தேன். அந்த விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. இருபுறமும் மிளகாய்க் காடுகள் தண்ணீரில் கிடந்தன. எதிரே வந்த பஸ் டிரைவர் ஒருவரை நிறுத்திக் கேட்டேன், அருப்புக்கோட்டை நுழைவதற்கு முன்னால் ஒரு பங்கில் பெட்ரோல் போடுகிறார்கள் என்றார். அந்தப் பங்கின் சரிவில் ஏறும்போது இன்ஜின் இருமி நின்றது. பெட்ரோல் போட நின்றவர்களில் இரண்டு பேர் வரிசையை விட்டு வந்து தள்ளிவிட்டார்கள். டாங்க் நிரம்பியதும் நான் பழையபடி மெதுவாக எடுத்தேன். அம்மா என் கையைத் தட்டினாள்.

"ஏசியப் போடுங்க. இனிமே வெரசா போங்க."

அங்கிருந்து மதுரை வரை நான் என் பழைய வேகத்தில்தான் ஓட்டினேன். உன் பெரியம்மாவுக்கு முதல் பாதி மட்டும் தெரியும். அதுவும் நானே பேச்சுவாக்கில் சொன்னது. அவள் மேல் தப்பில்லை. வேகமாகப் போயிருந்தால் சாயல்குடிக்கும் பெருநாழிக்கும் நடுவில், ஆள் நடமாட்டம் இல்லாத ஏதோ ஓரிடத்தில், காலியான வண்டியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். உன் அம்மாவை நான் மெதுவாகக் கொண்டு போகவில்லை. அவள்தான் தன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மதுரையில் உடனே மெஷினில் போட்டார்கள். முடித்துவிட்டு வெளியே அழைத்து வந்தபோது முகத்தில் வீக்கம் வடிந்து அவள் முகமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பொறப்படும்போது மீட்டரப் பாத்தியளா?"

"இல்ல."

"போச்சு. இந்த வண்டில இதுவரைக்கும் எடுத்ததுல நல்ல மைலேஜ் இன்னைக்குத்தான். கணக்கு இல்லாமப் போச்சு" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பல மாதம் நன்றாகத்தான் இருந்தாள். உன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்து சேலை உடுத்தி நின்றாள், போட்டோ இருக்கிறது. நல்லபடியாக இருந்த நாட்களில் டயாலிசிசுக்குத் தானே காரை ஓட்டிப் போனாள், திரும்பும்போது நான் ஓட்டினேன். ஆடிக் காற்று அடிக்கிற ஒரு காலையில் அடுக்களையில் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு வந்து பார்த்தபோது முடிந்துவிட்டது. இருதயம் என்றார் டாக்டர், வெள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் நான் கேட்டதற்குச் சொன்னார். அன்றைக்கு நான் பாதி முகத்தில் சோப்போடு வெகுநேரம் நின்றிருக்கிறேன். யாரோ சொல்லித்தான் துடைத்தேன். அழவில்லை. இன்றுவரை அழவில்லை. நீ அதைப் பார்த்து என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியாது. அதற்கு என்னிடம் விளக்கமும் இல்லை.

புனேவுக்குப் போகும்போது ஒரே மூச்சில் போகாதே. பெங்களூரில் மருமகள் ரோஷினியின் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் புறப்படு. நாலு வழிச் சாலையில் எண்பதுக்குள் போனால் வண்டி உனக்கு நன்றாகக் கொடுக்கும், அதைத் தாண்டினால் எல்லாம் காற்றோடு மல்லுக்கட்டவே செலவாகும். ஆனால் அந்த வேகத்தில் ஜன்னலைத் திறப்பதைவிட ஏசி போடுவது மேல், குழந்தையும் தூங்கும். கேரியர் வாங்கி மாட்டாதே, அடங்காததை லாரியில் போட்டுவிடலாம். மலை ஏற்றத்தில் வண்டி திணறினால் கியரைக் குறைத்துவிடு, டாப் கியரிலேயே வதைத்தால் மிச்சம் ஆகாது. டாங்க் முழுக்க நிரப்பி மீட்டரைக் குறித்து வைத்துவிட்டு, அடுத்த தடவை முழுக்க நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார். அதுதான் கணக்கு, டாஷ்போர்டில் மின்னுகிற எண்ணை நம்பாதே. பக்கத்தில் இருந்து ரோஷினி "மெதுவா" என்று சொன்னால் உடனே காலை எடு. பிறகு எதற்கு என்று கேட்டுக்கொள்ளலாம். நான் முப்பது வருஷமாக முதலில் எதற்கு என்று கேட்டவன்.

இன்னும் ஒன்று. புறப்படும் அன்று நானும் மதுரை வரைக்கும் உங்களோடு வருகிறேன். பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், பேச்சுக் கொடுக்க வேண்டாம். மதுரையில் இறங்கி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ரோடெல்லாம் இப்போது சரிசெய்துவிட்டார்கள், நேர்வழி நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் வேம்பார், சாயல்குடி வழியாகப் போவோம். சுற்றுத்தான். ஓர் ஆள் பாரமும் கூடும், உன் மைலேஜ் அன்றைக்குக் குறையும். குறையட்டும்.

அப்பா